குசினித் தீயும் அதன் கோளாறுகளும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையிலே சமயம் பேசுவோர் உண்டு. தமிழ் பேசுவோர் உண்டு. அடுப்பைப் பற்றிப் பேச ஒருவனை மேடை ஏற்றியது இந்த மன்றமாகத்தான் இருக்கும். செயலாளர்த் தம்பி வீட்டுக்கு வந்து கேட்டபோது, "பகிடி விடுகிறீரா?" என்றுதான் நானும் கேட்டேன். "இல்லை ஐயா. போன மாரியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் காஸ் பற்றிக் குசினிக் கூரை பாதி போயிற்று. அந்த அக்காவின் கை இன்னும் சரியாக ஆறவில்லை. முதல் நாளே மணம் வந்ததாம். என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. நீங்கள் சொல்லித் தந்தால் நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பார்ப்போம்" என்றார். அதற்குப் பிறகு மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

தொழில்நுட்பப் பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். அடுப்பு திருத்துவது என் பொழுதுபோக்கு. ஆனால் அடுப்பைப் பற்றி நான் கற்ற முதற்பாடம் பள்ளிக்கூடத்தில் கற்றதன்று. என் கையால் நானே கெடுத்த ஓர் அடுப்பில் கற்றது. அதை முதலிலே சொல்லிவிடுகிறேன்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அது எங்கள் ஓலைக் குசினியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. எனக்கு அப்போது இருபது வயது. இனிமேல் காற்று அசைக்க முடியாத குசினி கட்டுவேன் என்று கல்லால் சுவர் எழுப்பி, ஓடு போட்டு, அடுப்புக்கு மேலே சீமெந்தில் புகைபோக்கியும் வைத்தேன். சாரல் அடிக்கக் கூடாதென்று இருந்த ஒரேயொரு யன்னலையும் பலகை போட்டு அடைத்தேன். கதவையும் நிலத்தோடு பொருந்தச் செய்தேன். பெருமையோடு அம்மாவைக் கூப்பிட்டு அடுப்பு மூட்டச் சொன்னேன்.

ஓலைக் குசினியில் இருந்ததைவிட இரண்டு மடங்கு புகை! புகைபோக்கி வழியே ஒரு கீற்றும் போகவில்லை; எல்லாம் அம்மாவின் முகத்துக்குத்தான் வந்தது. "விறகு ஈரமடா, மகன்" என்று சொல்லி அம்மா என்னைக் காப்பாற்றினார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "அவளுக்கு நெருப்புக் கைராசி இல்லை" என்றார். இப்படிச் சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறது. அடுப்புப் புகைந்தால் மருமகள் மீது குறை. சோறு குழைந்தால் மருமகள் மீது குறை. அடுப்பை எவன் கட்டினான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இரண்டு வருடம் அந்தப் புகையில் அம்மா சமைத்தார். பிறகு ஒரு நாள் மருதமுனையிலிருந்து அப்பாவின் கூட்டாளி ஒருவர் வந்தார். கைத்தறி நூலுக்குச் சாயம் காய்ச்சுகிற காக்கா அவர். நாள் முழுவதும் பெரிய அண்டாவுக்குக் கீழே தீ எரிப்பதே அவர் தொழில். தேத்தண்ணீர் குடிக்க வந்தவர் குசினியை எட்டிப் பார்த்தார். புகைபோக்கியை அவர் பார்க்கவேயில்லை. கதவின் அடியைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார். "தம்பி, புகை போக வழி வெச்சிருக்காய். காத்து உள்ள வர வழி எங்க?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் விஷயம். அடுப்படிக்குப் பக்கத்துச் சுவரில், முழங்காலுக்குக் கீழே, இரண்டு கல்லைக் கழற்றினோம். யன்னல் பலகையையும் எடுத்தோம். அடுத்த நிமிடமே புகை திசை மாறிப் புகைபோக்கிக்குள் ஏறிற்று. சூடான வளி பாரம் குறைந்தது, மேலே போகும். ஆனால் போன வளியின் இடத்துக்கு வேறு வளி வந்தால்தான் அது தொடர்ந்து போகும். வாய் குறுகிய போத்தலைத் தலைகீழாய்ப் பிடித்தால் தண்ணீர் ஒழுங்காக வராமல் குளுக் குளுக்கென்று திக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வளி உள்ளே போக வழி தேடுவதால் வரும் திக்கல் அது. என் குசினியும் அப்படித்தான் திக்கிற்று.

காக்கா இன்னொன்றும் சொன்னார். என் புகைபோக்கி கூரை முகட்டுக்குக் கீழே நின்றது. கச்சான் காற்று முகட்டில் ஏறி மறுபக்கம் விழும்போது புகையையும் சேர்த்துக் கீழே அமுக்கும். முகட்டுக்கு மேலே இரண்டு அடி உயர்த்தினோம். ஆனி ஆடியில் இருந்த உபத்திரவமும் நீங்கிற்று. அம்மாவின் இருமல் மட்டும் அந்தப் புகைபோக்கி வழியே போகவில்லை. அது அவரோடு கடைசி வரைக்கும் இருந்தது.

வீட்டு அடுப்புப் புகையினாலும் அதையொத்த வீட்டு மாசினாலும் 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் 32 இலட்சம் பேர் வரை இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நான்கு வீடுகளில் மூன்றுக்கு மேல் விறகில்தான் சமைத்தன. ஆகவே காஸ் வந்துவிட்டது, விறகுப் பேச்சு எதற்கு என்று இளைஞர்கள் எண்ண வேண்டாம். 2022இல் என்ன நடந்தது? சித்திரை மாதத்தில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறிற்று. அந்தக் காசைக் கொடுக்கவும் சிலிண்டர் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை. ஆவணியில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. மாடி வீடுகளில் இருந்தவர்கள் பல்கனியில் மூன்று கல் வைத்து எரித்தார்கள். விறகடுப்பை மறந்த வீடுகள் அன்று பட்ட பாட்டை நானும் பார்த்தேன். பலர் என்னிடம் ஓடி வந்தார்கள்.

அவர்கள் கொண்டு வந்த குறை பெரும்பாலும் ஒன்றேதான்: "ஐயா, எரியுதில்லை, புகையுது." புகை என்பது எரியாமல் தப்பிப் போகும் விறகு. விறகு சூடேறும்போது முதலில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகும். பிறகு எரியக்கூடிய ஆவிகள் வெளிவரும். அவை போதிய வெப்பமும் வளியும் கண்டால் சுவாலையாகும், காணாவிட்டால் புகையாகும். பச்சை விறகின் நிறையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர் என்றால் நம்புவீர்களா? அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து முடித்த பிறகுதான் உங்கள் உலைக்கு வெப்பம் வரும். முன்னோர் அடுப்புக்கு மேலே பரண் கட்டி மாரிக்கு விறகு அடுக்கினார்கள். பரணை இடித்துவிட்டு ஈர விறகை ஊதுகுழலால் ஊதுகிறோம் நாம்.

மொத்தக் கட்டையைத் திணிக்காமல் பிளந்து வையுங்கள். சாம்பலை ஒவ்வொரு நாளும் வாருங்கள். சாம்பல் உயர உயர வளி நுழையும் வாசல் அடைபடும். விறகுக்குக் கீழே இரண்டு இரும்புக் கம்பியைக் குறுக்கே வைத்தாற் போதும், அடியால் வளி போகும். அடுப்பின் மூன்று குமிழும் தேய்ந்து பானை வாயோடு ஒட்டி உட்கார்ந்திருந்தால் சுவாலைக்கு வெளியேற வழியில்லை; அது முன்பக்கம் திரும்பி முகத்தில் அடிக்கும். குமிழை அரை விரல் உயர்த்துங்கள். மிக உயர்த்தினால் வெப்பம் பானையைத் தொடாமல் ஓடிவிடும்.

இந்நாட்டில் 1980களில் பரப்பப்பட்ட 'அனகி' என்ற மண்ணடுப்பு பல வீடுகளில் உண்டு. ஒரே தீயில் இரண்டு சட்டி. முன் சட்டியைச் சூடாக்கிய வெப்பமே பின் சட்டிக்கும் போகும். நல்ல அடுப்பு. ஆனால் பின் வாயில் சட்டி வைக்காமல் திறந்து விட்டு, "இது புகைக்கிறது" என்று தள்ளி வைத்தவர்கள் அநேகர். ஒன்றும் சமைக்க இல்லையென்றால் ஒரு பானை தண்ணீராவது வையுங்கள். வெடிப்பு விழுந்தால் எறிய வேண்டாம். களிமண்ணும் உமியும் குழைத்துச் சுற்றிவரப் பூசுங்கள். நெல் விளையும் இந்த மாவட்டத்தில் உமிக்கா பஞ்சம்!

இனிப் புகையில்லாத நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீக்குழியைப் பார்த்திருக்கிறீர்கள். விறகு எரியும்போது புகையும் சுவாலையும். அடியார் இறங்கும் நேரத்தில் தணல் மாத்திரம்; புகையில்லை. ஆவிகளெல்லாம் எரிந்து கரி மிஞ்சிய நிலை அது. திறந்த வெளியில் அதனால் தீங்கில்லை. ஆனால் புகையில்லாத தணலை மூடிய அறைக்குள் வைப்பதைப் போன்ற அபாயம் வேறில்லை. மாரி காலத்தில், பிள்ளை பெற்ற வீட்டில், குளிர்ந்துவிடும் என்று கதவு யன்னலெல்லாம் பூட்டித் தாய்க்கும் சேய்க்கும் பக்கத்தில் தணல் சட்டி வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நம் கரையில் வீட்டைச் சூடாக்குவது என்றால் இதுதானே! தணலிலிருந்து வெளிவரும் காபனோரொட்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலே ஒட்சிசன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலையிடி, பிறகு நித்திரை போன்ற மயக்கம். பாட்டிமார் கோபிக்க வேண்டாம்: சாம்பிராணி காட்டுங்கள், காட்டிவிட்டுச் சட்டியை வெளியே எடுங்கள். தாயும் பிள்ளையும் நித்திரை கொள்ளும் அறையில் தணல் இருக்கக் கூடாது.

குளிர்நாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே வாயுதான் எதிரி. இலண்டனிலிருந்து என் மருமகன் ஒரு மார்கழி இரவு தொலைபேசியில் அழைத்தான். "மாமா, பொயிலர் நின்றுவிட்டது, வீடு ஐஸாகக் கிடக்கிறது." நான் பொயிலரைக் கண்ணால் கண்டது அவன் வீட்டுக்குப் போன ஒரு தடவைதான். ஆனாலும் கேட்டேன்: அமுக்கமானி எத்தனை காட்டுகிறது? வெளியே போகும் சிறு குழாய் உறைந்திருக்கிறதா? உறைந்துதான் இருந்தது. சூடான பொயிலரிலிருந்து வடியும் நீர் அந்தக் குழாயில் பனிக்கட்டியாகி அடைத்தால் பொயிலர் தானாக நின்றுவிடும். இளஞ்சூட்டு நீர் ஊற்றினான், மீண்டும் எரிந்தது. தண்ணீர் அமுக்கம் சாதாரணமாக 1க்கும் 1.5க்கும் இடையில் நிற்க வேண்டும். றேடியேற்றரின் மேற்பாதி குளிர்ந்து கீழ்ப்பாதி சுட்டால் உள்ளே வளி தங்கியிருக்கிறது, திருகைத் திறந்து அதை வெளியே விட வேண்டும். இவ்வளவும் வீட்டுக்காரர் செய்யலாம். தீ எரியும் பெட்டியைத் திறக்க அங்கே பதிவு பெற்றவருக்குத்தான் சட்டம் இடம் கொடுக்கிறது. காபனோரொட்சைட்டு வந்தால் கத்தும் கருவியை மாட்டாத வீட்டில் இருக்காதே என்று அவனுக்குச் சொல்லி வைத்தேன். அங்கேயும் காற்று வரும் துவாரத்தைக் குளிருக்குப் பயந்து துணியால் அடைப்பவர்கள் இருக்கிறார்களாம். 1978இல் நான் செய்த அதே வேலை!

காஸுக்கு வருகிறேன். தம்பிமார் காது கொடுக்க வேண்டிய இடம் இது.

2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாடு முழுவதும் காஸ் அடுப்புகள் வெடித்தன, நூற்றுக்கணக்கான சம்பவங்கள், உயிர்களும் போயின. கண்ணாடி மேசை அடுப்புகள் நடுச் சாமத்தில் தானாகச் சிதறின என்று பத்திரிகைகளில் படித்தோம். ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு, சிலிண்டருக்குள் இருந்த கலவை மாற்றப்பட்டதையே முதன்மைக் காரணமாகச் சொல்லிற்று. சிலிண்டருக்குள் இருப்பது இரண்டு வாயு: புரொப்பேன், பியூற்றேன். புரொப்பேன் -42 பாகையிலேயே கொதிக்கும். பியூற்றேன் 0 பாகைக்குச் சற்றுக் கீழே. நம் ஊர் வெக்கையில், 30 பாகையில், தனிப் பியூற்றேன் கொடுக்கும் அமுக்கத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு அமுக்கத்தைத் தனிப் புரொப்பேன் கொடுக்கும். புரொப்பேன் கூடினால் அமுக்கம் கூடும். பழைய வால்வும் இற்றுப்போன குழாயும் அதைத் தாங்காமல் கசியும். கலவையைக் கவனிப்பது அரசின் கடமை, கம்பனிகளின் கடமை. அதை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் வால்வுக்கு இப்பால் உள்ளதெல்லாம் நம் வீட்டுப் பொருள். அதை யார் பார்ப்பது?

காஸுக்கு இயற்கையாய் மணம் இல்லை. நாம் அறிய வேண்டுமென்றே துர்நாற்றமுள்ள பொருளொன்றைச் சேர்க்கிறார்கள். அந்த மணம் வந்தால் அது சிலிண்டர் உங்களைக் கூப்பிடுகிறது என்று கொள்ளுங்கள். உடனே ரெகுலேட்டரை மூடுங்கள். விளக்கு ஆளியைத் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், இரண்டிலும் பொறி பிறக்கும். மின்விசிறியும் வேண்டாம், கைத்தொலைபேசியும் வேண்டாம். கதவைத் திறவுங்கள். இந்த வாயு வளியைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரம். மேல் யன்னலால் போகாது, நிலத்தில் தண்ணீர் போலப் படுத்திருக்கும். நான் கழற்றிய அந்த இரண்டு கல் இங்கேயும் உதவும்! நிலமட்டத்தில் துவாரமில்லாத குசினியில் காஸ் வைத்தவர்கள் ஒரு துவாரம் விடுங்கள். மேசைக்குக் கீழே அலுமாரி செய்து, கதவு போட்டுச் சிலிண்டரை உள்ளே பூட்டுவது பார்க்க அழகுதான்; ஆனால் கசியும் காஸைச் சேர்த்து வைக்க அதைவிட நல்ல பெட்டி கிடையாது.

கசிவைத் தேட நெருப்புக்குச்சி உரசியவரை நான் கண்டிருக்கிறேன். அவருக்கு இமையும் புருவமும் பிறகு முளைத்தன. சவர்க்காரத் தண்ணீரை நுரைக்க அடித்து, வால்வின் வாயிலும், ரெகுலேட்டரின் இணைப்பிலும், இறப்பர்க் குழாயின் இரு நுனியிலும் தடவுங்கள். நுரை குமிழி விட்டால் அங்கே கசிகிறது. புதுச் சிலிண்டர் மாட்டும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய இரண்டு நிமிடம் போதும். வால்வுக்குள் இருக்கும் இறப்பர் வளையம் வெடித்திருந்தாலோ இல்லாமலே போயிருந்தாலோ சிலிண்டரைத் திருப்பிக் கொடுங்கள். நூல் சுற்றி, பிளாஸ்ரிக் வைத்துச் சரிக்கட்ட வேண்டாம்.

நம் ஊருக்கென்று தனிச் சத்துரு ஒன்றிருக்கிறது: கடற்காற்று. கடற்கரை வீதிக்குக் கிழக்கே உள்ள வீடுகளில் குழாயை இறுக்கும் கிளிப் ஒரே மாரியில் துருப்பிடித்துத் தளர்ந்துவிடும். எலி கடிப்பது வேறு. குழாயை வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். தெரியாவிட்டாலும் நான் என் வீட்டில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன். வாங்கும்போது எஸ்.எல்.எஸ். முத்திரை பாருங்கள். சிலிண்டர் முடியும் தறுவாயில் அதைப் படுக்க வைத்து உருட்டி எரிக்கும் சிக்கன சாமர்த்தியத்தை விட்டுவிடுங்கள். திரவம் குழாய்க்குள் வந்தால் அது ஆவியாய் இருநூறு மடங்குக்கு மேல் விரியும்.

சுவாலை மஞ்சளாகிச் சட்டியடி கறுக்கிறதென்று தாய்மார் சொல்வார்கள். நீலம் என்றால் வளி போதும். சோம்பலான நீண்ட மஞ்சள் என்றால் வளி போதாது. கஞ்சி பொங்கி பேர்னர்த் துளைகளை அடைத்திருக்கும், அல்லது அடியிலுள்ள கலவைக் குழாயின் வாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். காஸை மூடி, ஆறவிட்டு, பேர்னர் மூடியைக் கழற்றிச் சவர்க்காரத்தில் ஊற வைத்துத் தேய்த்துக் காய வைத்து, அதன் காடியில் பொருந்த இருத்துங்கள். சரிந்து இருந்தால் 'பட்' என்று பின்வாங்கி எரியும். காஸ் வெளிவரும் நுண்துளைக்குள் மட்டும் ஊசி விட வேண்டாம். துளை பெருத்தால் பிறகு எந்நாளும் மஞ்சள்தான். இடைக்கிடை செம்மஞ்சட் பொறி பறந்தால் பயப்பட வேண்டாம். அது நம் காற்றில் உள்ள உப்பு.

எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடியால் மூடுங்கள். குழாயில் தீப் பிடித்தால் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு வால்வை மூடுங்கள். நெருங்க முடியாவிட்டால் ஆட்களை வெளியேற்றுங்கள். சட்டி பானை பிறகு வாங்கலாம்.

மன்றத்தார் பாண்டிருப்பிலும் சேனைக்குடியிருப்பிலும் வீடு வீடாகப் போகப் போகிறார்கள் என்று அறிந்தேன். எனக்கு ஒரு வேண்டுகோள். தம்பிமார் மட்டும் போகாதீர்கள்; தங்கைமாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குசினிக்குள் நுழையவும், அடுப்புக்காரியிடம் நேரே கேட்கவும் அவர்களால்தான் முடியும். வீட்டுக்காரரைக் கேட்டால் "எல்லாம் நல்லாய்த்தான் இருக்கு" என்பார். மருதமுனை, சாய்ந்தமருது இளைஞர்களும் தங்கள் பக்கத்தில் இதைச் செய்ய வருவார்கள் என்றால் நான் அங்கேயும் வந்து காட்டித் தர ஆயத்தம். அந்தக் காக்காவுக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

மேடைக்குக் கீழே ஒரு பழைய இரட்டை அடுப்பும், கழற்றிய ரெகுலேட்டரும், மூன்று துண்டுக் குழாயும் வைத்திருக்கிறேன். அவற்றில் ஒரு குழாய் வெடித்தது. எது என்று கண்டுபிடியுங்கள். சவர்க்காரத் தண்ணீர் வாளி எங்கே தம்பி? முன்னால் கொண்டு வாரும்.